மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், அக்கா

என் ரோஸ்லின் அக்காவுக்கு,

ஆறு புள்ளி ஒன்று. தொள்ளாயிரம். எட்டாயிரம்.

நலமா என்று கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். முதலில் ஹீமோகுளோபின், அடுத்து வெள்ளை அணு, கடைசியில் பிளேட்லெட். "அத சொல்லிட்டுப் பொறவு கதை பேசு பிள்ளே" என்பாய். போன செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்தில் வந்தவை இவை. நீ இருந்திருந்தால், "செரி, சாயா குடிச்சியா?" என்று கேட்டிருப்பாய். அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால் இவர் முகம் வெளுத்துப் போகிறது. என் ரத்தம் குறைந்ததற்கு அவர் ஏன் வெளுக்க வேண்டும்?

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இந்த நான்கு மாதமும் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் அலைந்துகொண்டிருந்தேன். அந்த மருந்தை நான் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா? இதைக் கேட்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது. நீயோ கேட்க முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். காரணம் பிறகு சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

இங்கே திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ரத்த நோய்ப் பிரிவின் வெளியே இருக்கிற நீளமான இரும்பு பெஞ்சில்தான் உன்னை முதலில் பார்த்தேன். என் கையில் இருந்த ரிப்போர்ட்டில் எல்லா வரிக்கும் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு. கழக்கூட்டம் என்கிற ஊரில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை எனக்கு; அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். குற்றம் என் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தொண்டை வறண்டு, குழாயில் பாட்டிலைப் பிடித்துக் குடிக்கப் போனேன். பக்கத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அத குடிக்காதே. நான் காய்ச்சின வெள்ளம் தருதேன்."

ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாய். "நமக்க ரத்தம் உண்டாக்குத பாக்டரியில சமரம், கேட்டியா. செவப்பு, வெள்ளை, பிளேட்லெட்டு, மூணு செக்ஷனும் பூட்டிக் கெடக்கு" என்றாய். வேலைநிறுத்தத்துக்கு இந்த ஊரில் சமரம் என்றுதான் பெயர். டாக்டர் அரைமணி நேரம் சொல்லிப் புரியாத நோய் எனக்கு அந்த ஒரு வரியில் புரிந்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் உனக்குத் தையல் கடை. ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது என்பதற்காக இரண்டு கையிலும் விரலுறை மாட்டிக்கொண்டு தைக்கிற ஒரே தையல்காரி நீதான். நான் உன்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டபோது, "நானென்ன ஒனக்கு ஸ்கூல் டீச்சரா? அக்கான்னு விளி" என்று அதட்டினாய். அக்ரஹாரத்து மாமிக்கும் பாறசாலைச் சபைக்காரிக்கும் இப்படி ஒரு உறவா என்று எங்கள் தெருவில் சிலருக்கு ஆச்சரியம். ரத்தம் ஏற்றிக்கொள்கிறவளுக்கு அந்த ஆச்சரியமெல்லாம் கிடையாது. இதுவரை எத்தனை பேர் ரத்தம் என் உடம்பில் ஓடியிருக்கிறது, அவர்கள் யார், எந்த ஜாதி என்று எனக்குத் தெரியுமா?

மஜ்ஜை மாற்றலாம் என்றால் கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த வேண்டும் என்றார்கள். என் ஒரே தம்பிக்குப் பொருந்தவில்லை. உனக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர், ஒருவருக்கும் பொருந்தவில்லை. "அஞ்சு பேரு இருந்து என்ன பிரயோஜனம், கிறிஸ்மசுக்கு இறைச்சி திங்கதுக்குதான் பொருந்துவானுவ" என்று திட்டினாய். மிச்சம் இருந்த வழி குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற அந்த ஊசி மருந்து. மஜ்ஜையையே தாக்குகிற உடம்பின் காவல் படையை அது ஒரேயடியாகப் படுக்க வைத்துவிடும். பிறகு மஜ்ஜை மெல்ல மெல்ல எழுந்து வேலை செய்யும். எழுந்தால் உண்டு, எழாவிட்டால் இல்லை. எழுகிற வரைக்கும் ஒரு சின்னக் கிருமிகூட ஆளை முடித்துவிடும். நம் இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் இதைச் சொன்னார்கள்.

நான் பின்வாங்கினேன். நீதான், "நான் மூத்தவ, முன்ன போறேன். எப்பிடி இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லுதேன். அதுக்கு பொறவு நீ போனா மதி, போதும்" என்றாய்.

ஒன்று விடாமல்தான் சொன்னாய். முதல் நாள் மருந்து ஏறும்போது கட்டிலோடு சேர்ந்து ஆடினதைச் சொன்னாய். ஸ்டிராய்டால் முகம் பூசணிக்காயாக ஊதினதைச் சொன்னாய். மாத்திரையால் மீசை முளைத்து, "இப்பம் அவருக்கும் எனக்கும் போட்டி" என்று சொல்லிச் சிரித்தாய். மூன்றாம் மாதம் உன் மூன்று எண்களும் ஏற ஆரம்பித்தன. பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம், அதுவும் ஏற்றிக்கொள்ளாமல், சொந்தமாக! போனை வைத்துவிட்டுச் சமையலறையில் குதித்தேன். ஜானு ஓடிவந்து, "எந்தா அம்மா, லாட்டரி அடிச்சோ?" என்றாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அம்மா குதித்தால் லாட்டரிதான்.

அடுத்த வாரமே என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் பேசிவிட்டேன். அதற்குள் உன் போன் இரண்டு நாள் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் கூப்பிட்டார்.

"போயிட்டா தங்கச்சி. மருந்து ஒத்துக்கல."

அவ்வளவுதான். அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. கூட்டத்துக்குள் வரக்கூடிய உடம்பில்லை. யாரோ போனில் காட்டினார்கள். பெட்டிக்குள் உன் முகத்தில் அந்த மீசை இருந்ததா என்று பார்க்க முயன்றேன், படம் தெளிவாக இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒரே பிடிவாதமாக நின்றுவிட்டேன். மருந்து வேண்டாம். எண்களை ஏற்றிக் காட்டி, ஆசை காட்டி, பிறகு ஒரேயடியாகக் கொன்றுவிடுகிற மருந்து எனக்கு வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றிக்கொண்டு எத்தனை நாள் ஓடுமோ ஓடட்டும் என்றேன். "விசாலாட்சி, இனி வைகிக்கருது, தாமசிக்க நேரமில்லை" என்று டாக்டர் ஒவ்வொரு செவ்வாயும் சொல்வார். இவர் சண்டை போட்டார், கெஞ்சினார், ஒருநாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான் அசையவில்லை.

ஆனால் சாகவும் மனமில்லை, பார். அதனால் கேட்ட இடத்திலெல்லாம் யோசனை கேட்டேன். இணையத்தில் ஒரு நோயாளிகள் பக்கத்தில் என் மூன்று எண்களையும் போட்டு, 'இதற்கு வேறு ஏதாவது வழி உண்டா, தயவுசெய்து சொல்லுங்கள்' என்று பிச்சை கேட்கிற மாதிரி எழுதினேன். முன்பின் தெரியாத முப்பது பேர் பதில் போட்டார்கள். பப்பாளி இலைச் சாறு என்றார் ஒருவர், பீட்ரூட் என்றார் இன்னொருவர், கோதுமைப்புல் என்றார் மற்றொருவர். ஆட்டு ஈரல் சாப்பிடச் சொன்ன ஒருவர், நான் சாப்பிடமாட்டேன் என்றதும், அப்படியானால் உன் நோய்க்கு நீயே காரணம் என்று எழுதினார். எதிர் வீட்டு மாமி முருங்கைக்கீரையைத் தினமும் கொண்டுவந்தாள். ஜோசியர் சனியைக் காட்டினார். ஆபீசில் ஒரு பையன், பாசிட்டிவாக நினையுங்கள் சேச்சி என்றான். இதில் ஒருவருக்காவது, எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியவில்லையே அக்கா!

நானும் பப்பாளிச் சாற்றைக் குடித்தேன். அரைத்த இலையின் கசப்பு அன்று முழுவதும் நாக்கில் நின்றது. பிளேட்லெட்டும் அப்படியே நின்றது.

இன்னொன்றும் குடித்துக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உன்னிடம் மறைத்த ஒரே விஷயம் அதுதான்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எழுபத்தெட்டு வயது. கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நோய் என்று தெரிந்த மறுநாளே ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டார். நாற்பத்தொரு நாளும் காலை அபிஷேகத்துக்குப் போய், அபிஷேகம் செய்த பாலில் கொஞ்சம் ஒரு சின்னச் செம்பில் வாங்கி வந்து தன் கையால் எனக்குக் கொடுப்பார். ஒரு மண்டலம் முடிந்ததும் இன்னொரு மண்டலம். அது முடிந்ததும் இன்னொன்று. மழையானாலும் முட்டிவலியானாலும் நிறுத்தவில்லை. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

காய்ச்சாத பால் அது. பூவிதழ் மிதக்கும். எத்தனை கை பட்டதோ, எவ்வளவு நேரம் பாத்திரத்தில் நின்றதோ. காய்ச்சாதது எதுவும் வாய்க்குள் போகக்கூடாது, பூ இருக்கிற இடத்தில்கூட இருக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தண்ணீரை நீ சொன்னபடி பத்து நிமிஷம் கொதிக்க வைத்துக் குடிக்கிற நான்தான் இந்தப் பாலையும் குடித்தேன். வேண்டாம் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பெற்ற பெண்ணுக்குக்கூட யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். தெய்வப் பிரசாதத்தை மறுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் எனக்கு உள்ளுக்குள் இருந்தது, பொய் சொல்லவில்லை.

நடுவில் இரண்டு தடவை காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெளியில் ஏதாவது சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வேலையில் இப்படி ஒரு குற்றத்தைப் பார்த்தும் மறைத்திருந்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை செல்வராஜ் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர்தான் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார்: என் பெண்டாட்டி மருந்து வேண்டாம் என்கிறாள், ரோஸ்லினுக்கு என்னதான் ஆயிற்று, சரியாகச் சொல்லுங்கள், டாக்டரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று. அண்ணன் போனில் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். பாதி ஆளாக இளைத்திருந்தார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"வேண்டாம், பஸ்ஸுல வந்தவன் நான். நீ உள்ளயே இரி தங்கச்சி" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"நான் ஒன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்" என்றார். "மருந்து ஒத்துக்காம இல்ல. நல்லாத்தான் ஒத்துச்சு. நாங்கதான் கெடுத்தோம்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் நீதான் திருத்த வேண்டும். உன் எண்கள் ஏறின செய்தி சபையில் பரவியது. வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்க வேண்டும் என்றார்கள். நீ முதலில் ஆறு மாதம் கழியட்டும் என்றாயாம். அவருடைய அக்கா வந்து அழுதாராம், கர்த்தர் சுகம் தந்திருக்கும்போது வாயைத் திறந்து நன்றி சொல்ல வேண்டாமா என்று. உனக்காக உபவாசம் இருந்தவர்கள், முழங்காலில் நின்றவர்கள் எல்லாரும் வருவோம் என்றார்கள். நீ சரி என்றுவிட்டாய்.

"முன்னறையில நாப்பது பேரு. பத்து நிமிஷம் மாஸ்க் போட்டிருந்தா. கர்த்தர் சுகம் தந்ததுக்கு சாட்சி சொல்லுன்னு சொன்னாங்க. எழும்பி நின்னு மாஸ்க்க கழத்திட்டுப் பேசினா. எல்லாரும் அழுதோம். அதுக்குப் பொறவு ஒவ்வொருத்தரா வந்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணினாங்க. பெண்ணுங்க கெட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தாங்க. ஒரு பிள்ளைக்கு இருமல் இருந்துது. நான் பாத்தேன் தங்கச்சி. பாத்துட்டும் சும்மா நின்னேன்."

இரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்ததாம். நீ அதைச் சொல்லவில்லை. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாய். அண்ணன் தொட்டுப் பார்த்துக் கத்தின பிறகுதான், "ஜெபம் பண்ணினதுனால காய்ச்சல் வந்துச்சுன்னு ஆயிரும். பாவம், அவங்க மனசு நோவும். நாளைக்குப் பாப்போம்" என்றாயாம். அந்த நாளை விடிவதற்குள் உனக்கு நினைவு போய்விட்டது. அது தெரிந்தால் சபையில் எத்தனை பேர் மனம் உடையும் என்று அவரும் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

"மருந்துக்கு வாய் இல்லையே" என்றார்.

எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? அன்றைக்கு, நீ மறைத்த அந்த நாளில், உன்னோடு நான் பேசினேன். கடைசியாகப் பேசினது அன்றுதான். உன் குரல் நடுங்கியது. "குளிருது பிள்ளே, இங்க பயங்கர மழை" என்றாய். "இங்கேயும் மழைதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, இன்ஷூரன்ஸ்காரன் என்னை இழுத்தடிக்கிற கதையைப் பத்து நிமிஷம் புலம்பினேன். காய்ச்சல் இருக்கிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்களைக் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கிறவளாம்!

அண்ணன் அழுது ஓய்ந்த நேரத்தில் என் மாமனார் கோயிலிலிருந்து வந்தார், கையில் செம்போடு. அண்ணன் யார் என்று அவரிடம் சொன்னேன். துக்கம் விசாரித்தார். பிறகு வழக்கம்போல் ஜன்னல் கம்பிக்குள் செம்பை நீட்டினார்.

"அது என்ன ஐயா?" என்றார் அண்ணன்.

"அபிஷேகப் பால்."

"காய்ச்சினதா?"

"பகவானுக்கு ஆடினதை யாராவது காய்ச்சுவாளோ?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை அக்கா.

"அப்பா, எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன், இன்னிக்கு உபவாசமா?"

"இல்லப்பா. இனிமே வேண்டாம். பச்சைப்பால் தொடவே கூடாதுன்னு டாக்டர் மொதல்லயே சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லலை."

அவர் செம்பைப் பிடித்தபடியே நின்றார். செம்பு சாய்ந்து, பால் விரலில் வழிந்தது. "அப்போ ஒனக்கு ரெண்டு தரம் ஜுரம் வந்து ஆஸ்பத்திரில கெடந்தியே, அது நான் குடுத்ததுனாலயா கொழந்தே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. நீ இருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய்.

"தெரியலப்பா. இருக்கலாம்" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். செல்வராஜ் அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே இருந்து இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்புக்கு எதிராக யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது, சொல்லு?

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபமா, வருத்தமா, தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், தலை நிமிரவில்லை. மூன்றாம் நாள் காலை கோயிலிலிருந்து வெறுங்கையோடு வந்து, ஜன்னலுக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டு, "ஒன் பேர்ல சங்கல்பம் பண்ணிண்டு நானே குடிச்சுட்டேன். போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிருக்கும்" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இன்றைக்கும் எனக்காக அவர்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் யாராவது நமஸ்காரம் செய்ய வந்தால்கூட, வீட்டில் நோயாளி இருக்கிறாள் என்று எட்டப் போகச் சொல்கிறாராம்.

அந்த வாரமே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பால் உட்பட. அவர் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்கு மாதம் வீணாகப் போய்விட்டது என்றார். இவ்வளவு ரத்தம் ஏற்றின பிறகு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் செய்துதான் பார்க்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன்.

பயமாக இருக்கிறது அக்கா. தைரியமாக எழுதுகிற மாதிரி இருக்கும், நம்பாதே. பல் தேய்த்தால் ரத்தம், மூக்கைத் தொட்டால் ரத்தம், காலில் எப்போது வந்தது என்றே தெரியாமல் நீலம் நீலமாகத் திட்டு. மாடிப்படி நான்கு ஏறினால் நெஞ்சு பறை அடிக்கிறது. இந்த உடம்பையா அந்த மருந்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது? நான்கு மாதத்துக்கு முன்னாலேயே போயிருந்தால்? உனக்கு எழுந்த மஜ்ஜை எனக்கு எழாவிட்டால்? ஜானு தலைமுடியைப் பின்னிக்கொள்ள இன்னும் சரியாகப் பழகவில்லை. நேற்று உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். "ஞான் பின்னே படிச்சோளாம், நீ வந்துட்டு சொல்லித்தா" என்று எழுந்து ஓடிவிட்டாள். பிடித்திழுத்து மறுபடி உட்கார வைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், பின்னல் கோணலாகத்தான் வந்தது.

இவர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறார். தாராளமாக உடையுங்கள், ஆனால் ஒரு சில்லுகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அறுத்து ஒட்டின தலைதானே, ஆபரேஷன் வார்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதை எல்லாரும் படிக்க எழுதுவதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். நீ போன அன்று நம் நோயாளிகள் குழுவில், 'ரோஸ்லின் அக்காவுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று போட்டது நான்தான். அதைப் படித்துவிட்டு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெண், இருபத்தாறு வயது, நானும் நிறுத்தி வைக்கட்டுமா சேச்சி என்று கேட்டாள். யோசித்துச் செய் என்றேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. செல்வராஜ் அண்ணனிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா, சபையில் வருத்தப்படுவார்களே என்று. "எழுது. அவ சாட்சி சொல்லித்தானே போனா, இதுவும் ஒரு சாட்சிதான்" என்றார். ஆகவே அம்மா, ஐயா, இதைப் படிக்கிற என்னைப் போன்றவர்களே, மருந்து போட்டுக்கொள்ளலாமா என்று நான் சொல்லமாட்டேன், அது டாக்டர் சொல்ல வேண்டியது. என் அக்கா அந்த மருந்தால் போகவில்லை. அதை மட்டும் நான் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் அக்கா. முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரைத் தடுத்தாயே, உன்னைக் கட்டிப்பிடிக்க வந்த கையை ஏன் தடுக்கவில்லை? நாற்பது பேர் மனம் நோகாமல் இருக்க உன் உயிரைக் கொடுத்தாய். அந்த நாற்பது பேரில் ஒருவராவது அதைக் கேட்டாரா? என்னிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா? நான் கத்தியிருப்பேன், அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன்.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து என் உடம்பு கொஞ்சம் சுட்டாலும், குளிர்ந்தாலும், அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்வேன். ஜானுவின் பிறந்தநாளாக இருக்கட்டும், அப்பா பூஜையில் இருக்கட்டும், நர்ஸ் பத்தாவது தடவையாகச் சலித்துக்கொள்ளட்டும், சொல்வேன். வெறும் மழைக்குளிராக இருந்தாலும் சொல்வேன். பிழைப்பேனா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் சாகமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
விசாலம்
வலியசாலை, திருவனந்தபுரம்